சமமாகப் பிரித்தால் சரியாகிவிடுமா?

ஊர்த் திருவிழாவுக்கு வரி பிரிக்கும்போது, தலைக்கட்டுக்கு இவ்வளவு என நிர்ணயிப்பது நம் கிராமங்களில் நெடுநாள் வழக்கம். மாடி வீட்டுக்காரரும் ஓட்டு வீட்டுக்காரரும் ஒரே தொகையைத் தருவார்கள். தேரோட்டத்தை யார் எவ்வளவு அனுபவித்தார் என்று அளக்க இயலாது. அளக்க இயலாத ஒன்றுக்குச் சமப் பங்கு என்பது குறை சொல்ல முடியாத ஏற்பாடு. வரி கொடுத்தவருக்கு ஊர்க்கூட்டத்தில் பேசும் உரிமையும் அதனால் கிடைக்கிறது.

நகரத்தில் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கும் இளைஞர்கள், தாங்கள் அறியாமலேயே இந்தத் தலைக்கட்டு முறையைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். வாடகை, மின்கட்டணம், எரிவாயு உருளை, கேன் தண்ணீர், இணைய இணைப்பு, வேலை செய்பவருக்கான சம்பளம் எல்லாவற்றையும் மாதக் கடைசியில் கூட்டி, மூன்றாலோ நான்காலோ வகுத்துவிடுகிறார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. கட்டிலுக்கு இவ்வளவு வாடகை என்று கணக்கு. மற்ற செலவெல்லாம் பெரும்பாலும் அதற்குள் அடக்கம். மேன்ஷன்காரரே கணக்குப்பிள்ளையாகவும் இருந்தார். இன்று வேளச்சேரியிலும் பெருங்குடியிலும் இரண்டு படுக்கையறை வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் மூவர், தங்களுக்குத் தாங்களே கணக்கு எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கேதான் பிணக்கு தொடங்குகிறது. தேரோட்டத்தைப் போலன்றி, இங்கே பல செலவுகளை அளக்க முடியும் என்பதே அதற்குக் காரணம்.

மின்கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். மூவர் தங்கும் ஒரு வீட்டில் ஓர் அறையில் ஒருவர், மற்றோர் அறையில் இருவர். தனி அறைக்காரர் ஏ.சி. வைத்திருக்கிறார். குளிர்சாதனப் பெட்டி, விசிறி, விளக்கு, சலவை இயந்திரம் ஆகிய பொதுப் பயன்பாட்டுக்கு இரண்டு மாதத்தில் 300 யூனிட் ஆகிறது, ஏ.சி.க்கு மட்டும் 400 யூனிட் ஆகிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக, தமிழகத்தில் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டண விகிதங்களைக் கொள்கிறேன். விகிதங்கள் பின்னர் திருத்தப்பட்டிருந்தாலும், வாதத்தின் சாரம் அதனால் மாறாது.

அந்த விகிதப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50 ரூபாய், 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டினால் 2.25 ரூபாய் என்ற சலுகைப் படி மறைந்துவிடும். 101 முதல் 400 வரை முழுவதற்கும் 4.50 ரூபாய். 500-க்கு மேல் 600 வரை 8 ரூபாய், 800 வரை 9 ரூபாய் என்று படி ஏறிக்கொண்டே போகும். இந்த வீட்டில் ஏ.சி. இல்லாவிட்டால் 300 யூனிட்டுக்கான கட்டணம் 675 ரூபாய். ஏ.சி.யும் சேர்ந்த 700 யூனிட்டுக்கு 3,650 ரூபாய். அதை மூன்றால் வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ 1,217 ரூபாய். விசிறிக் காற்றில் உறங்கும் இருவரும், ஏ.சி. இல்லாத நிலையில் 225 ரூபாய் மட்டுமே தந்திருப்பார்கள்.

இதில் நியாயம் எது? மூன்று விடைகள் சாத்தியம். முதலாவது, மேலே சொன்ன சமப் பங்கு. இரண்டாவது, கூடுதல் செலவு முழுவதையும் அதை உண்டாக்கியவர் தலையில் வைப்பது. அப்படியானால் ஏ.சி. வைத்திருப்பவர் 3,200 ரூபாயும் மற்ற இருவர் தலா 225 ரூபாயும் தர வேண்டும். முதற்பார்வைக்கு இது சரியென்றே தோன்றும். ஆனால் ஏ.சி.காரர் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்கலாம்: “இலவச 100 யூனிட்டும் மலிவான படிகளும் உங்கள் குளிர்சாதனப் பெட்டிக்கே முதலில் போய்ச் சேர வேண்டும் என்று யார் சொன்னது? என் ஏ.சி. மட்டும் இந்த இணைப்பில் ஓடியிருந்தால் 400 யூனிட்டுக்கு 1,125 ரூபாய்தானே வந்திருக்கும்? நீங்கள் சேர்ந்ததால்தான் நான் மேற்படிக்குப் போனேன்.”

இந்தக் கேள்விக்குப் பொருளியலில் விடை இருக்கிறது. லாயிட் ஷாப்லி என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1953-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் அதைத் தந்தார். 2012-இல் ஆல்வின் ராத்துடன் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது வேறொரு பணிக்காக. எனினும் கூட்டுச் செலவைப் பிரிக்கும் இந்த முறையே அவர் பெயரை எங்கும் நிலைநிறுத்தியது. யார் முதலில் வந்தார், யார் பின்னால் வந்தார் என்ற வரிசை தற்செயலானது; எனவே எல்லா வரிசைகளையும் கணக்கிட்டு, ஒவ்வொருவரும் கூட்டிய செலவின் சராசரியை அவரவர் பங்காகக் கொள்ள வேண்டும் என்பது அதன் உட்கருத்து. நம் எடுத்துக்காட்டில் பொதுப் பயன்பாடு முதலில் வந்தால் அதன் செலவு 675 ரூபாய். பின்னால் வந்தால் 2,525 ரூபாய். சராசரி 1,600. ஏ.சி. முதலில் வந்தால் 1,125. பின்னால் வந்தால் 2,975. சராசரி 2,050. பொதுப் பயன்பாட்டின் 1,600-ஐ மூவரும் பகிர்ந்துகொண்டால் ஏ.சி.காரருக்கு ஏறத்தாழ 2,583 ரூபாய், மற்றவர்களுக்குத் தலா 533 ரூபாய்.

இன்னொரு செய்தி. மொத்தக் கட்டணத்தை 700 யூனிட்டால் வகுத்து, கிடைக்கும் 5 ரூபாய் 21 காசு என்ற சராசரி விலையில் அவரவர் யூனிட்டைக் கணக்கிட்டாலும், ஏ.சி.க்கு 2,086, பொதுவுக்கு 1,564 என்று ஷாப்லியின் விடைக்கு மிக அருகிலேயே வருகிறது. ஆகவே, ஏ.சி.க்குத் தனியாக ஒரு சப்-மீட்டர் பொருத்திச் சராசரி விலையில் பிரித்துக்கொள்ளும் வீடுகள், நோபல் அறிஞரின் பெயரைக் கேள்விப்படாமலேயே ஏறக்குறைய அவர் வழியில் நடக்கின்றன. எல்லா எண்களுக்கும் இந்த நெருக்கம் வாய்க்காது. என்றாலும், வீட்டுக் கணக்குக்குச் சராசரி விலை போதும் என்பதே என் கருத்து.

இந்தப் படிக்கட்டில் ஒரு விசித்திரப் படியும் உண்டு. மேற்கண்ட விகிதத்தில் 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அந்த ஒரு யூனிட்டை இழுத்தது யாருடைய இஸ்திரிப் பெட்டி என்று துப்பறிவது வீண் வேலை. இரண்டாம் மாதத்தின் நடுவில் ஒருமுறை மீட்டரைப் பார்ப்பது பயனுள்ள வேலை. அதிகம் பயன்படுத்துவோர் வசதியானவர்கள், அவர்கள் அதிகம் தரட்டும் என்ற நல்ல நோக்கத்தில் அமைந்தது படிநிலைக் கட்டணம். ஆனால் அது இணைப்பைப் பார்க்கிறதே தவிர, அதன் பின்னால் இருக்கும் தலைகளை எண்ணுவதில்லை. தனித்தனியாக இருந்தால் ஆளுக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறக்கூடிய நால்வர், ஒரு கூரையின் கீழ் சேர்ந்தால் அரசின் கணக்கில் வசதியான ஒரே குடும்பமாகிவிடுகிறார்கள்.

சமப் பங்கின் மற்றொரு தீங்கு, அது நுகர்வையே மாற்றிவிடுகிறது என்பது. யூனிட்டுக்கு 9 ரூபாய் என்ற படியில் ஏ.சி.யைக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஓடவிடுபவர், மூவர் வீட்டில் தன் கையிலிருந்து தருவது 3 ரூபாய்தான். மீதியை மற்றவர்கள் தருகிறார்கள். இஸ்ரேலில் ஓர் உணவகத்தில் ஊரி நீசியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். அறுவர் அறுவராக அமரவைத்து, சில குழுக்களில் அவரவர் உண்டதற்கு அவரவர் பணம் தர வேண்டும் என்றும், சில குழுக்களில் மொத்தத்தை ஆறாக வகுக்க வேண்டும் என்றும், சில குழுக்களில் முழுவதும் இலவசம் என்றும் விதித்தார்கள். தனித்தனியே தந்தவர்கள் சராசரியாக 37 ஷெக்கேல் அளவுக்கு உணவு கேட்டார்கள். பகிர்ந்து தந்தவர்கள் 51. இலவசம் என்றதும் 82. பகிர்வுக் குழுவில் இருந்தவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். பக்கத்தில் இருப்பவர் கேட்பதற்கும் தான் பணம் தரப்போகிறோம் என்று தெரிந்த எவரும், தானும் கொஞ்சம் நல்லதாகக் கேட்போமே என்றுதான் நினைப்பார்.

நம் கல்லூரி விடுதிகளுக்கு இந்தப் பாடம் புதிதன்று. தமிழகத்தில் பல விடுதிகளின் உணவுக்கூடம் ‘டிவைடிங் சிஸ்டம்’ என்ற பெயரில்தான் நடக்கிறது. மாதத்தின் மொத்தச் செலவை மாணவர்கள் உண்ட மொத்த நாட்களால் வகுத்து ஒரு நாள் விகிதம் காண்பார்கள். அதை அவரவர் இருந்த நாட்களால் பெருக்கினால் அவரவர் கட்டணம். ஊருக்குப் போன நாட்களுக்கு ‘மெஸ் ரிடக்‌ஷன்’ உண்டு. சில ஆண்டுகள் விடுதித் துணைக் காப்பாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஏற்பாட்டில் தலைமுறை தலைமுறையாகத் திரண்ட அறிவு இருக்கிறது. சமையலர் சம்பளம், பாத்திரத் தேய்மானம் ஆகியவை யார் ஊருக்குப் போனாலும் குறையாதவை. அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவை குறையக்கூடியவை. நன்றாக நடக்கும் விடுதிகளில் முன்னதை எல்லோர் மீதும், பின்னதை உண்டவர் மீது மட்டும் வைப்பார்கள். முட்டை, இறைச்சி போன்றவை ‘எக்ஸ்ட்ரா’ என்று தனிச் சீட்டில் போய்விடும். ரிடக்‌ஷன் பெற இத்தனை நாட்களுக்கு முன்பே எழுதித் தர வேண்டும், குறைந்தது இத்தனை நாட்கள் தொடர்ந்து இல்லாதிருக்க வேண்டும் என்ற விதிகளும் உண்டு. கடைசி நேரத்தில் வராமல் போகிறவருக்காக உலையில் போட்ட அரிசி மீளாதல்லவா?

சேர்ந்து சமைத்து உண்ணும் வீடுகள் இந்த இரண்டு பிரிவை மட்டும் கடன் வாங்கினாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். இணைய இணைப்பு, சமையல் செய்பவரின் சம்பளம், குளிர்சாதனப் பெட்டியின் தவணை ஆகியவற்றில் தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் தங்கியவருக்கும் முழுப் பங்கு உண்டு. பாலும் காய்கறியும் இருந்த நாள் கணக்கில் வரட்டும். இணைய வேகத்தில் மட்டும் சிறு திருத்தம் தேவை. சாதாரண வேகம் போதும் என்று இருவர் இருக்க, மூன்றாமவர் விளையாட்டுக்காக உயர் வேகத் திட்டம் கேட்டால், சாதாரணத் திட்டத்தின் விலையை மூவரும் பகிர்ந்துகொண்டு, அதற்கு மேற்பட்டதை அவர் ஒருவரே ஏற்க வேண்டும். விமான நிலைய ஓடுபாதைச் செலவை விமானங்களுக்கிடையே பிரிக்க 1973-இல் லிட்டில்சைல்டும் ஓவனும் எழுதிய விதி இதுவே. சிறிய விமானத்துக்குத் தேவையான நீளத்துக்கு எல்லா விமானங்களும் பணம் தரட்டும். மிகுதி நீளத்துக்குப் பெரிய விமானங்கள் மட்டும் தரட்டும். ஷாப்லியின் சூத்திரமும் இதே விடையைத்தான் தருகிறது.

இனி அறை வாடகை. மூன்று அறையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றில் குளியலறை இணைந்திருக்கும். ஒன்று சமையலறையை ஒட்டிய புழுக்கமான அறையாக இருக்கும். பெரும்பாலான வீடுகளில் முதலில் வந்தவர் நல்ல அறையைப் பிடித்துக்கொள்கிறார், வாடகை மட்டும் சமமாகப் பிரிகிறது. இதற்கு மாற்றாக, மொத்த வாடகை 30,000 ரூபாய் என்றால், ஒவ்வொருவரும் மூன்று அறைக்கும் தன் மனத்தில் உள்ள மதிப்பை, கூட்டுத்தொகை 30,000 வரும்படி சீட்டில் எழுதட்டும். முதலாமவர் பெரிய அறைக்கு 14,000, நடு அறைக்கு 8,500, சிறிய அறைக்கு 7,500 என்கிறார். இரண்டாமவர் 12,500, 10,000, 7,500. மூன்றாமவர் 12,000, 9,000, 9,000. அறைகளை முறையே இவர்களுக்கே ஒதுக்கினால் மதிப்புகளின் கூட்டுத்தொகை 33,000 ஆகிறது. வேறெந்த ஒதுக்கீட்டிலும் இவ்வளவு வராது. மிகுந்த 3,000-ஐ மூவருக்கும் தலா 1,000 என்று குறைத்தால், பெரிய அறைக்கு 13,000, நடு அறைக்கு 9,000, சிறிய அறைக்கு 8,000. ஒவ்வொருவரும் தான் மதித்ததைவிட ஆயிரம் ரூபாய் குறைவாகத் தருகிறார். அடுத்தவர் அறையை அடுத்தவர் வாடகைக்குத் தருகிறோம் என்றாலும் எவரும் மாற்றிக்கொள்ள விரும்பமாட்டார். இத்தகைய பொறாமையற்ற வாடகைப் பிரிப்பு, சில இயல்பான நிபந்தனைகளின் கீழ் எப்போதும் இயலும் என்பதை ஃபிரான்சிஸ் சூ என்ற கணிதப் பேராசிரியர் 1999-இல் நிறுவினார். அதற்கு அவர் பயன்படுத்திய ஸ்பெர்னர் துணைத்தேற்றம் 1928-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

பொறாமையின்மையும் நீதியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறிய அறைக்குப் போனவர் அதை விரும்பிப் போனாரா, பணமில்லாமல் போனாரா என்று இந்தச் சீட்டு கேட்பதில்லை. மற்றவர்களின் மனத்தை முன்கூட்டியே அறிந்த ஒருவர், பொய்யான எண்ணை எழுதி ஆதாயம் பார்க்கவும் வழியுண்டு.

பணமில்லாமை பற்றிய பேச்சு வந்துவிட்டதால், எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்றுக்கு வருகிறேன். என்னிடம் பயின்ற மாணவி ஒருவர் சென்னையில் 22,000 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்து, மென்பொருள் துறையில் அதைப்போல் மூன்று மடங்கு ஈட்டும் இரு தோழிகளுடன் தங்கினார். வாடகை அவருக்குக் கட்டுபடியாகக்கூடியதுதான். ஆனால் மாதந்தோறும் ஒன்று சேர்ந்தது: பெரிய தொலைக்காட்சி, துப்புரவுக்கு இன்னொரு பணியாள், வார இறுதியில் வெளியிலிருந்து வரவழைக்கும் உணவு. ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு. ஊருக்கு அனுப்பும் பணம் முதலில் குறைந்தது, பிறகு நின்றது. “வேண்டாம்” என்று சொல்ல அவருக்குக் கூச்சம். அவருக்குத் தடை இருப்பதே தோழிகளுக்குத் தெரியாது. பதினொரு மாதத்தில் அவர் மகளிர் விடுதிக்கு மாறிவிட்டார். அங்கே யாரும் அவரை ஏமாற்றவில்லை. கணக்கு ஒவ்வொரு மாதமும் காசு சுத்தமாகவே இருந்தது.

வருமானத்துக்கேற்ப வாடகையைப் பிரிக்கலாமே என்று சிலர் சொல்வதுண்டு. கணவன் மனைவிக்கிடையிலும், ஒன்றாக வாழும் உடன்பிறந்தாருக்கிடையிலும் அது பொருத்தமானதே. அங்கே எதிர்காலம் பொதுவானது. அறைத் தோழர்களுக்கிடையில் அதை நான் ஆதரிக்கமாட்டேன். அதிகம் தருபவர் சில மாதங்களில் வீட்டின் எஜமானராகிவிடுவார். குறைவாகத் தருபவர் கடன்பட்டவராகிவிடுவார். அதற்குப் பதிலாக, புதிதாக எந்தப் பொதுச் செலவைச் சேர்ப்பதானாலும், வீட்டில் குறைவாக ஈட்டுபவரின் சம்மதம் முதலில் வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் மறுத்தால் மற்றவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். பொருளும் செலவும் அவர்களுடையதாகட்டும். வரவேற்பறையில் இருக்கும் தொலைக்காட்சியை அவரும் பார்ப்பாரே என்று கேட்டால், பார்க்கட்டும். அவர் பார்ப்பதால் அவர்களுக்குச் செலவு எதுவும் கூடுவதில்லை.

உழைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். எரிவாயு உருளைக்குப் பதிவு செய்வது, தண்ணீர் லாரி வரும் வேளையில் வீட்டில் இருப்பது, மின்கட்டணம் கட்டுவது, மாதக் கணக்கை எழுதுவது எல்லாம் பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன. அதற்குக் கூலி போடுவது எனக்கு உவப்பில்லை. மாதாமாதம் முறை மாற்றிக்கொள்வது எளிது. கணக்கு எழுதும் வேலையாவது கட்டாயம் சுற்றிவர வேண்டும். அப்போதுதான் மற்றவர்களுக்கும் செலவின் போக்கு தெரியும்.

வீட்டை விட்டு ஒருவர் போகும்போதுதான் பெருந்தொகைகள் கைமாறுகின்றன. எனவே முன்பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழகத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது என்கிறது. அந்த அளவையே கொண்டால் 30,000 வாடகை வீட்டுக்கு 90,000 ரூபாய். மூவரும் தலா 30,000 போட்டதாகக் கொள்வோம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் வேலை மாறிப் போகிறார். அவர் இடத்துக்கு வருபவர் அவரிடம் 30,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு அறையைப் பெறுகிறார். மேலும் ஓராண்டில் மூவரும் வீட்டைக் காலி செய்ய, சென்னையில் வழக்கமாக நடப்பதுபோல, வெள்ளையடிக்க என்று வீட்டு உரிமையாளர் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார். ஆளுக்கு 10,000 ரூபாய் போயிற்று. பன்னிரண்டு மாதம் மட்டுமே வாழ்ந்தவர் முப்பத்தாறு மாதச் சுவர் அழுக்குக்கும் பணம் தருகிறார்; இருபத்துநான்கு மாதம் வாழ்ந்து போனவர் ஒரு காசும் தரவில்லை.

சரியான கணக்குப்படி, மூன்று ஆண்டுக்கு மூன்று பேர் என்றால் 108 ஆள்-மாதங்கள். மாதத்துக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 278 ரூபாய். புதிதாக வந்தவர் 30,000-க்குப் பதில் ஏறத்தாழ 23,330 ரூபாயைத்தான் முன்னவரிடம் தந்திருக்க வேண்டும். வீட்டில் எத்தனை ஆண்டு இருக்கப்போகிறோம் என்று முன்கூட்டித் தெரியாதே என்றால், மாதம் ஆளுக்கு 300 ரூபாய் என்று தொடக்கத்திலிருந்தே தனியே எடுத்துவைத்து, பிடித்தத்துக்கு மேல் மிகுந்தால் இருந்த மாதங்களின் விகிதத்தில் திருப்பிக்கொள்ளலாம். பொதுவில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டிக்கும் இதே முறை பொருந்தும். போகிறவருக்கு வாங்கிய விலையில் பங்கு கிடையாது, தேய்மானம் போக இருக்கும் மதிப்பில் பங்கு உண்டு. உரிமையாளருடன் செய்யும் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒருவர் கையெழுத்து மட்டுமே இருக்கும். பாக்கி எதுவானாலும் அவரைத்தான் உரிமையாளர் கேட்பார். ஆகையால் இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எல்லோரிடமும் கையொப்பம் வாங்கிவைக்க வேண்டியவர் அவரே. புதியவர் உள்ளே வரும் நாளில் மீட்டரையும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அந்தத் தாளுடன் சேர்த்துவைக்கலாம். மின்கணக்கு எடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார்; குடியிருப்பவர்கள் அந்தத் தேதியைப் பார்த்து வருவதும் போவதும் இல்லை.